பதினைந்து வரி ஓடையும் கீழத்தெருச் சுவரும்

“…அப்பம் அந்த ஒத்த வரியக் கேட்டுட்டுத்தான் எங்க வீட்டு மனுசரு அங்கன பெட்டியக் கட்டுதாக. சரி, மீதிய நீங்க எங்கன வச்சிருக்கீய, அண்ணாச்சி?”

மைதீன் பாத்து என்கிற அந்தப் பெண் இதைக் கேட்டபோது அவள் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. ஆட்டோ கிடைக்காமல் மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறாள்.

“மீதி உள்ள இருக்கும்மா. எங்க தளத்துல” என்றேன்.

“அதத்தான் கேக்கேன். அந்த உள்ளுக்கு அவுக எப்படிப் போவாக?”



வலைப்பதிவு நடத்துகிற தம்பி தங்கைகளே, நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆர்எஸ்எஸ் (RSS feed) என்கிற செய்தி ஓடையில் பதிவை முழுசாக விடலாமா, தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் விட்டு ஆளை உள்ளே இழுக்கலாமா? ஓடையிலிருந்து இன்னும் கூடுதலாக எதை எடுக்கலாம்? எனக்குப் படிப்பு கிடையாது, கேட்டுக் கேட்டுப் பழகிய வேலை இது. நான் கற்றதில் பாதி, யாராவது என் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தைதான். உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் மைதீன் பாத்து அன்று கேட்டதுக்குள்ளே இருக்கிறது. அதனால் அது எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். வலைப்பதிவு என்கிற சொல்லே எங்கள் காதில் விழாத காலம். நானும் கோமதி டீச்சரும் சேர்ந்து பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தோம். டீச்சர் ஆழ்வார்குறிச்சிக்காரர். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் அவர். எழுதுவது நான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம்ம பக்கத்து ஆட்களுக்காகத் தினமும் ஊர்ச் சேதி போட்டுக்கொண்டிருந்தோம். எந்தக் கோயில் தேர் எப்போ, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு துஷ்டி, எந்த ரோடு தோண்டிக் கிடக்கிறது, பாபநாசம் அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது, இப்படி.

அந்த வருஷம்தான் டீச்சர் எங்கேயோ படித்துவிட்டு வந்து ஓடையைச் சொன்னார். நம்முடைய தளத்தில் புதுசாக என்ன வந்திருக்கிறது என்கிற பட்டியலை ஒரு சின்னக் கோப்பாக வைத்துவிட வேண்டும். வெளியே இருக்கிற பெரிய தளங்கள் அதை வந்து எடுத்துப் போய், கேட்டவர்களின் முகப்பில் தினமும் காட்டும். மொத்தம் பதினைந்து வரி. வரிக்கு நூறு எழுத்து. அதற்கு மேல் போனால் வெட்டிவிடும். எங்கள் தளம் தமிழ் எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துருவை இறக்கி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரியும். அதனால் ஓடையில் போகிற பதினைந்து வரியை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதி விட்டோம்.

ஓடையிலிருந்து நான் முதலில் கற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அணை மட்டத்தைத் தினமும் ஒரு வரியாக விட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அது சப்பென்று இருந்தது. மழையில்லாத மாதத்தில் அணை மட்டம் யாருக்கு வேண்டும் என்று ஒருநாள் எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அமெரிக்காவிலிருந்து ஒருத்தர் எழுதினார். கல்லிடைக்குறிச்சிப் பக்கம், வயலெல்லாம் விற்றுவிட்டுப் போன குடும்பம். ‘நீங்கள் போடும் மற்ற எதையும் நான் படிப்பதில்லை. அணை மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். மூன்று நாளாக வேலை ஓடவில்லை.’

“வயலே இல்லாத மனுசனுக்கு அணை மட்டம் எதுக்கு டீச்சர்?” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி அந்தக் கேள்வி? கேக்காரு, குடுங்க” என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து பதினைந்தாவது வரி அணைக்கு என்று ஆயிற்று. வாசகர் நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் நான் என்ன வேலை பார்த்தேன் தெரியுமா? ஜங்ஷனில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு வால்போஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டிக்கடை வாசலில் கம்பியில் தொங்குமே, அந்தத் தாள். பத்திரிகையில் உள்ள நூறு சேதியில் ஒன்றைப் பிடித்து, நாலே வார்த்தையில், பஸ்ஸுக்கு ஓடுகிறவனை நிறுத்த வேண்டும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்லுவார்: “ஏலே, போஸ்டர்ல பசியைக் காட்டு, சோத்தைக் காட்டாத. சோத்தைக் காட்டிட்டா அவன் ஏன்ல காசு குடுத்து உள்ள வாரான்?” அருமையான மனிதர். அவர் சொன்னது பெட்டிக்கடை வாசலுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஏனென்றால் சோறு அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும்.

நான் என்ன செய்தேன், அந்தப் போஸ்டர்க் கையை ஓடைக்குக் கொண்டுவந்தேன். ஓடையைப் படிக்கிறவர்கள் தளத்துக்குள் வரமாட்டேன் என்கிறார்களே, அவர்களை எப்படி வரவைப்பது என்று யோசித்து, ஒவ்வொரு வரியிலும் சேதியின் வாலைக் காட்டித் தலையை உள்ளே ஒளித்தேன். ‘அம்பாசமுத்திரம் பஸ்ஸில் நடந்தது என்ன?’ ‘பேட்டையில் வீட்டுக்குள் வந்த விருந்தாளி!’ அது ஒரு உடும்பு. வருகிற ஆட்கள் கூடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. “கணக்குப் புஸ்தகத்துல விடையக் கடைசியில ஒளிச்சு வைப்பாங்க, சரி. ஆனா புஸ்தகம் பையன் கையில இருக்கும்லா” என்றார். நல்லா இருக்கே என்று அதை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை. நான் செய்கிற பெரிய தப்பே அதுதான், இன்றைக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேலப்பாளையம் கீழத்தெருவில் ஒரு சுவர் விழுந்தது. ஆட்டுக் கொட்டகைச் சுவர். உள்ளே இரண்டு ஆடு இருந்தது, இரண்டும் தப்பி ஓடிவிட்டது. இவ்வளவுதான் சேதி. நான் ஓடையில் இப்படி விட்டேன்:

‘மேலப்பாளையம் கீழத்தெருவில் மழைக்கு வீட்டுச் சுவர் இடிந்தது. உள்ளே இருந்தது யார்?’

அன்றைக்கு என் தளத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நான் டீச்சருக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது. மைதீன் பாத்து வந்து நின்றது செவ்வாய்க்கிழமை.

அவள் புருஷன் செய்யது வளைகுடாவில் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு கட்டட வேலைக் கேம்பில் இருந்தார். அங்கே கணக்கு எழுதுகிறவர் வள்ளியூர்க்காரர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் காலையில் நம்முடைய பதினைந்து வரி வரும். அந்தப் புண்ணியவான் அதை அச்சடித்துச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார், இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவார். அறுபது பேருக்கு அதுதான் ஊர். தளத்தைத் திறந்தால் எறும்பு ஊர்வதுதான் தெரியும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவை இறக்க வழியில்லை. இப்படி ஒரு சுவரில் எங்கள் ஓடை போய் விழுகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

செய்யது வீட்டு மேற்குச் சுவரில் வெடிப்பு. ‘நான் வந்து பூசுறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்த வரியை வாசிக்கக் கேட்டதும் அவருக்கு வேறு சுவர் ஞாபகம் வருமா? பக்கத்து வீட்டு ஃபோனுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மழையில் அந்தத் தெரு லைன் பூராவும் செத்துக் கிடந்தது. மணியே போகவில்லை. கேம்புக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுகிற ஒரு மேலப்பாளையத்துக்காரர், “ஒண்ணும் இருக்காது வே, பதறாதீரும்” என்றிருக்கிறார். “எங்க வாப்பா மௌத்தான அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க” என்றாராம் செய்யது. வியாழக்கிழமை ராத்திரி விமானத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வியாழன் மத்தியானம் கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். வண்டிக்காரர் அங்கே உள்ள டவுனுக்குத் திரும்பி வந்து, இங்கே வேறு தெருவில் இருக்கிற தன் அக்காளுக்கு ஃபோன் போட்டுச் சொல்ல, அக்காள் ஓடிவந்து மைதீன் பாத்துவிடம் சொல்லியிருக்கிறாள். வண்டிக்காரர் மறுபடி கேம்புக்குப் போவது சனிக்கிழமைதான். கேம்பு ஃபோன் நம்பர் இங்கே யாருக்கும் தெரியாது, தபால் பெட்டி எண் மட்டும்தான்.

“வந்தா வரட்டுமேம்மா. வந்து பாத்துட்டு, நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சிட்டுப் போகட்டும்” என்று நான் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“ரெண்டு வருசத்துக்கு ஒரு லீவு, அண்ணாச்சி. பெருநாள் கழிச்சு சின்னவளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. அதுக்கு எடுத்து வச்ச லீவு இது. இப்பம் வந்துட்டாகன்னா அப்பம் வர முடியாது. மூத்தவ நிக்காஹுக்கும் அவுக வரல. வாழ்த்தும் துஆவும் கேசட்டுல பேசி அனுப்புனாக. பொண்ணு பக்கத்துல டேப்பு ரிக்கார்டர வச்சிக்கிட்டு நாங்க உக்காந்திருந்தோம். சின்னவ அதப் பாத்துட்டு அன்னைக்கே சொல்லிட்டா. எனக்கு டேப்பு ரிக்கார்டர் வேண்டாம்னு.”

கோமதி டீச்சர் எழுந்து போய்ச் சென்டர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேறு ஆள் வந்துவிடக் கூடாது என்று.

செவ்வாய் மத்தியானம். புதன் காலை ஒரு தாள் ஒட்டப்படும். வியாழன் காலை இன்னொரு தாள். அவ்வளவுதான் நம்மிடம் இருக்கிற வழி. எந்த ஓடையில் அவரைப் பயமுறுத்தினேனோ, அதிலேயேதான் அவரைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். நான் உடனே உட்கார்ந்து எழுதினேன்: ‘மேலப்பாளையம் சுவர் இடிந்த சம்பவம்: யாருக்கும் ஆபத்தில்லை. அனைவரும் நலம்.’ எழுதி வாசித்தும் காட்டினேன், சரியாகச் செய்துவிட்டோம் என்கிற நினைப்பில்.

மைதீன் பாத்துவின் முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ, அதப் போடாதீய. அதப் போட்டா அவுக இன்னைக்கே கெளம்பிருவாக.”

எனக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்துவிட்டது. நம்ம பக்கத்தில் தூரதேசத்தில் இருக்கிறவனுக்கு யாரும் சாவை நேராகச் சொல்வதில்லை, தெரியும்தானே? தனியாக இருப்பான், தாங்கமாட்டான் என்று, ‘மேலுக்குக் கொஞ்சம் சுகமில்லை, ஒருநடை வந்துட்டுப் போ’ என்போம். அவன் வந்து இறங்கி, தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். செய்யதுவின் வாப்பா இறந்தபோதும் அவருடைய மாமா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அதனால் அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ‘சுகமில்லை’ என்றால் மௌத்து. கேட்காமலே ‘எல்லாரும் சுகம்’ என்றால் அதைவிட மோசம். அன்பினால் சொல்லிச் சொல்லி நாமே கெடுத்து வைத்த வார்த்தை அது. ஒரு நல்ல சேதியை நல்ல சேதி என்று அந்த மனிதரை நம்பவைக்க என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

“அப்போ என்னதான் எழுதுறது?” என்றேன். என் குரலில் கொஞ்சம் எரிச்சல் கூட இருந்திருக்கும். தப்பு செய்தவனுக்குத்தானே முதலில் எரிச்சல் வரும்.

அவள் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“திட்டணும்” என்றாள்.

“என்ன?”

“அவுகளத் திட்டணும், அண்ணாச்சி. செத்த வீட்டுல இருந்து யாராவது திட்டி எழுதுவாகளா? திட்டுனா நம்பிருவாக. அதுவும் நான் திட்டுத மாரி இருக்கணும். நீங்க திட்டுனா பத்தாது.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரிக்கே நூறு எழுத்து போதவில்லை. டீச்சர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே, “இன்னும் சுருக்குங்க, இன்னும் சுருக்குங்க” என்றார். “எங்க வாப்பா வீட்டுலயே எனக்கு யாரும் சுருக்குன்னு சொன்னதில்ல” என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் சிரிக்கிற இடத்தில்தான் இருந்தாள்.

அப்போதுதான் டீச்சர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார். “ஒரு வரியில என்னத்துக்கு அடைக்கோம்? நம்மட்ட பதினஞ்சு வரி இருக்குல்லா?”

“மத்த சேதி?”

“மத்த சேதி நாளைக்குப் போகட்டும்.”

சிங்கப்பூரில், அமெரிக்காவில், பம்பாயில், எத்தனையோ பேர் காலையில் அந்தப் பதினைந்து வரியைத் திறப்பார்கள். ஒரு குடும்பச் சண்டை அதில் முழுசாக ஓடினால் என்ன நினைப்பார்கள்? நாலு பேர் நம்மை விட்டுப் போய்விட்டால்? மெதுவாகத்தான் சொன்னேன். “ஊர் பூரா படிக்கும்மா. உங்க வீட்டு விசயம்.”

“படிக்கட்டும். உள்ள இருந்தது யாருன்னு கேட்டியளே, அதையும் ஊர் பூராத்தான படிச்சிச்சு?”

அதற்கப்புறம் தட்டச்சு மட்டும் செய்தேன். அந்தத் தாளை ரொம்ப நாள் வைத்திருந்தேன். நினைவிலிருந்து சிலதைச் சொல்கிறேன், தமிழ் எழுத்தில்:

‘கீழத்தெருவுல விழுந்தது எதிர்வீட்டு ஆட்டுக் கொட்டகை. நம்ம வீடு இல்ல. சொல்லுதது நான், பாத்து.’

‘உள்ள இருந்தது ரெண்டு ஆடு. ஒண்ணு நம்ம வீட்டுக்குள்ள ஓடியாந்து அரிசி மூட்டையக் கடிச்சிட்டு.’

‘நம்ம மேலச்சுவரு வெடிப்பு அப்படியே இருக்கு. வந்து பூசுதேன்னு சொல்லி ரெண்டு வருசமாச்சு.’

‘வியாழக்கிழமை கொத்தனார வரச் சொல்லிட்டேன். உங்கள நம்புனா சுவரு நிக்காது.’

‘நீங்க வாங்கியாந்த டார்ச் லைட்டு எரியல. கடையிலயே எரியலன்னு நான் சொன்னேனா இல்லையா.’

‘மூத்தவ நிக்காஹுக்கு கேசட்டு வந்துச்சு. இந்த தடவ கேசட்டுக்கு நான் சோறு போட மாட்டேன்.’

‘இப்பம் வந்து நின்னீகன்னா சின்னவ உங்ககிட்ட பேச மாட்டா. நான் பேசுவேன். அது உங்களுக்கு நல்லதில்ல.’

‘வாப்பா மௌத்த மறைச்சது உங்க மாமா. நான் உங்கள்ட்ட எப்பம் பொய் சொன்னேன்?’

இந்த வரியைச் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். “அடுத்தது ஒண்ணு இருக்கு. அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளிய போறீயளா?”

போனேன். வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டீச்சர் காதில் சொல்லி டீச்சர் அடித்தார். நாளைக்கு உலகம் பூரா படிக்கப்போகிற வரி, எனக்கு முன்னால் சொல்ல வெட்கம். உள்ளே திரும்பி வந்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் ஒன்பதாவது வரி இருந்தது:

‘ஒரு தடவ சொன்னேன். பஸ்ஸு ஏறி நீங்க போனப்புறம் நான் அழுவலன்னு சொன்னேன்ல, அது பொய்.’

பதின்மூன்று வரி அவளுக்கு. பதினான்காவது வரியை டீச்சர் எழுதினார். ‘வள்ளியூர்க் கணக்கப்பிள்ளை அண்ணாச்சி, செய்யது என்ன சொன்னாருன்னு எங்களுக்கு ஒரு வரி போடுங்க’ என்று எங்கள் மின்னஞ்சல் முகவரியோடு. பதினைந்தாவது வரிக்கும் அவளிடம் ஒரு திட்டு தயாராக இருந்தது. டீச்சர் மாட்டேன் என்றுவிட்டார். “அது அணைக்கு. அங்க ஒருத்தர் வேலைக்குப் போகணும்.”

மழையில் டெலிஃபோன் லைன் மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை கோப்பு ஏறியது.

புதன்கிழமை பதில் வரவில்லை. மைதீன் பாத்து காலையில் வந்து சாயங்காலம் வரை இருந்தாள். அந்த ஒரு நாளில் நான் யோசித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். ஓடையிலிருந்து கூடுதலாக எடுப்பது எப்படி என்று நான் எத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எல்லாம் எனக்கு எடுப்பதைப் பற்றி. அந்தப் பக்கத்தில் ஒருத்தர் அதை எங்கே வைத்துப் படிக்கிறார், ஆபீஸிலா, சுவரிலா, யாராவது வாசிக்கக் கேட்டா, படித்த பிறகு அவருக்கு வேறு வழி இருக்கிறதா, இதையெல்லாம் நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நாம் விடுகிற வரி நம்முடைய தளத்துக்கு வாசல் என்று நினைக்கிறோம். அவருக்கு அது வாசல் இல்லை. அவ்வளவுதான் வீடே. அதற்குள்ளே ஒரு மனிதன் உட்கார இடம் இருக்க வேண்டும்.

அதனால் எனக்குக் கிடைத்த பதிலை அப்படியே வைத்துவிடுகிறேன். கொடுக்க முடிந்தால் முழுசாகக் கொடுங்கள். ஒரு வரிதான் இடம் என்றால், அந்த வரியைப் படித்துவிட்டு ஒருத்தர் உங்கள் தளத்துக்கு வராமலே போனாலும் உண்மை தெரிந்து போகட்டும். எங்கே, யாருக்கு, என்ன ஆச்சு, யாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், திருப்பிப் பேச ஒரு முகவரி. ஓடை ஒரு பக்கமாகத்தான் ஓடும் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பதினான்காவது வரியை நாங்கள் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. போஸ்டர்க் கை இன்றைக்கும் எனக்கு நமநமக்கும். அப்போது அந்த வெள்ளைத் துப்பட்டி ஞாபகத்துக்கு வரும்.

வியாழக்கிழமை. மைதீன் பாத்து சீக்கிரமே வந்துவிட்டாள். “கொத்தனார் வந்து வீட்டுல நிக்காரு. சின்னவ டீ போட்டுக் குடுத்து நிறுத்தி வச்சிருக்கா. சேதி தெரியாம எனக்குச் சுவரப் பாக்க முடியல” என்றாள். அங்கே பாஸ்போர்ட் கைக்கு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் நாலு தடவை இணைப்பைப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது தடவை ஒரு அஞ்சல் இருந்தது. அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். டீச்சர் வாசித்தார்:

‘நேற்றுக் காலையில் பதினைந்து வரியையும் ஒட்டினேன். செய்யது அண்ணனுக்கு நான்தான் வாசித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பேரும் கையில் ரொட்டியோடு நின்று கேட்டார்கள். நாலு வரி வரைக்கும் அவர் தலையைக் குனிந்தே இருந்தார். டார்ச் லைட் வரிக்கு நிமிர்ந்து, “இது அவதான்” என்றார். கேசட் வரிக்கு யாரும் சிரிக்கவில்லை, இங்கே பாதிப் பேர் கேசட் அனுப்பினவர்கள். ஒன்பதாவது வரி வந்ததும், சத்தமாக வாசிக்க வேண்டாம், காதில் சொல்லும் என்றார். சொன்னேன். பிறகு தாளைக் கிழித்து அவரே வைத்துக்கொண்டார். இன்று காலையில் ஆபீஸுக்கு வந்து பாஸ்போர்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெருநாள் கழித்து வருகிறாராம். ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னார். கொத்தனார் அந்தச் சுவரைத் தொடக்கூடாதாம். அவர்தான் பூசுவாராம். அணை மட்டம் போட்டதற்கு நன்றி. இங்கே என்னைப் போல மூன்று பேர் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.’

டீச்சர் வாசித்து முடித்தார். நான் மைதீன் பாத்துவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

“கொத்தனாரு சாந்து கொழைச்சிருப்பாரே” என்றாள்.

துப்பட்டியை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கி, நடக்காமல், அந்த வயதில் அந்தத் தெருவில் ஓடினாள். சாயங்காலம் டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். குழைத்த சாந்தையெல்லாம் எதிர்வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டாளாம். தன் மேற்குச் சுவருக்கு இரண்டு பனங்கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, வெடிப்பை அப்படியே விட்டுவைத்திருந்தாளாம்.